ஐந்து கட்டைக்குச் சற்று மேலே

இரவு பத்து மணிக்கு மேல், தெரு அடங்கிய பிறகு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு ஒரு பழைய கச்சேரியின் சிடியைப் போட்டேன். பாடகிக்கு ஐந்து கட்டை சுருதி. முதலில் தம்புரா மட்டும். நாலைந்து மீட்டல் கடந்ததும் அதற்குள் வேறு ஏதோ அசைவது காதில் பட்டது. பஞ்சமத் தந்தியின் நாதம் தேய்ந்து கரையும் வாலில், விநாடிக்கு மூன்று முறை மெல்லப் பொங்கிப் பொங்கி அடங்கியது. தந்தி சரியாகச் சேரவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன். சிடியை நிறுத்தினேன். தம்புரா நின்றது. ஸ்பீக்கரில் இருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

ஐந்து கட்டை என்பது ஹார்மோனியத்தில் ‘ஜி’. அந்தச் சுருதிக்குச் சேர்த்த தம்புராவில் மந்தர ஸட்ஜம் 98 ஹெர்ட்ஸ், பஞ்சமம் அதைப்போல் ஒன்றரை மடங்கு, 147 ஹெர்ட்ஸ். நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஆனால் அது கம்பியில் தனி 50 ஆக மட்டும் வருவதில்லை. டிவி, கம்ப்யூட்டர், எல்இடி விளக்கு என்று ஒவ்வொன்றும் அலையின் உச்சியில் மட்டும் கரண்டை இழுப்பதால் அலையின் வடிவம் கெட்டு, மும்மடங்கான 150, ஐந்து மடங்கான 250 என்று மேற்சுரங்களும் கூடவே வரும். 147-ம் 150-ம் ஒன்றாக ஒலித்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, விநாடிக்கு அத்தனை முறை ஓசை ஏறி இறங்கும். பள்ளிக்கூட இயற்பியலில் ‘விம்மல்’ என்று படித்தோமே, அதுவேதான். தம்புரா ஐந்து கட்டையைப் பிடித்திருக்க, மின்சாரம் அதற்குச் சற்று மேலே தன் சுருதியைப் பிடித்திருந்தது.

இந்தச் சுருதி நாடு முழுவதற்கும் பொது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் வழியாகத் தென்மாநில மின்கட்டமைப்பு மற்றதோடு இணைந்ததிலிருந்து, கன்னியாகுமரியில் முனகும் ஸ்பீக்கரும் காஷ்மீரில் முனகும் ஸ்பீக்கரும் ஒரே சுருதியில்தான் முனகுகின்றன. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அங்கே அது ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவில் போய் விழும்.

செட் பழுது பார்ப்பவர்கள் இதை ‘ஹம் அடிக்குது’ என்பார்கள். எனக்கு ஆம்ப்ளிஃபயர் மேல்தான் சந்தேகம். பதினைந்து வருடத்துப் பெட்டி, உள்ளே கன்டன்சர் காய்ந்திருக்கும் என்று முடிவு கட்டி, பஸ் ஸ்டாண்டு பக்கம் பல வருடமாகக் கடை வைத்திருப்பவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். மேசையில் வைத்து ஸ்பீக்கரை மாட்டினார். பெட்டியின் பின்பக்கம் இன்புட் பின்னின் நடுத்துளைக்குள் ஒரு சாமணத்தின் நுனியை விட்டு, அதன் மறுமுனையை விரலால் தொட்டார். ‘கொர்ர்’ என்று உறுமியது. விரலை எடுத்தார். நிசப்தம். மறுபடி தொட்டார், உறுமியது.

“செட்டு நல்லா இருக்கு சார். தொட்டா பேசுது, விட்டா சும்மா இருக்குது. உங்க வீட்லதான் ஏதோ இருக்கு” என்றார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

அந்த விரல் சோதனை எளிமையானது, ஆனால் உள்ளே நல்ல இயற்பியல் இருக்கிறது. சுவருக்குள்ளும் மேசைக்கடியிலும் 230 வோல்ட் ஒயர்கள் ஓடுகின்றன. ஒயருக்கும் நம் உடம்புக்கும் இடையே காற்று இருந்தாலும், இரண்டும் சேர்ந்து மிகச் சிறிய கன்டன்சர் ஒன்றின் இரண்டு தகடுகள்போல நடந்துகொள்ளும். அதன் வழியே ஒரு மைக்ரோஆம்பியருக்கும் குறைவான கரண்டு எந்நேரமும் நம் மீது கசிந்துகொண்டிருக்கிறது. நமக்கு அது தெரியாது. இன்புட் பின்னைத் தொட்டால் ஆம்ப்ளிஃபயருக்குத் தெரியும். சில மில்லிவோல்ட் என்றாலும் பாட்டைப் பெருக்குவதுபோல் அதையும் பெருக்கிவிடும். பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயரில், நடுக்கம்பியைச் சுற்றியுள்ள ஷீல்டு உள்ளே அறுந்துபோனாலும், சால்டர் விட்டுப்போனாலும் இதே பெரிய உறுமல் வரும். நடுக்கம்பி அப்போது உடம்பைப்போல ஒரு ஏரியலாக நிற்கிறது. பாட்டை அமுக்குகிற அளவுக்குப் பலமான ஹம் திடீரென்று வந்தால் முதலில் ஒயரைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.

என் வீட்டு முனகல் அந்த வகை இல்லை. வீட்டுக்கு வந்து, ஆம்ப்ளிஃபயரின் முதுகில் ஸ்பீக்கர் ஒயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றினேன். ஹம் இல்லை. வால்யூமை முக்கால் பங்கு திருப்பியும் இல்லை. பிறகு கைப்பேசியைச் சார்ஜர் இல்லாமல், அதன் பேட்டரியில் ஓடவிட்டு இணைத்தேன். பாட்டு சுத்தமாக வந்தது. அதே கைப்பேசியில் சார்ஜரைச் செருகியதும் பாட்டுக்குப் பின்னால் மெல்லிய ரீங்காரம் எழுந்தது. பிடுங்கினேன், போயிற்று.

வீட்டில் யாரும் செய்து பார்க்கக்கூடிய இந்தச் சின்னச் சோதனை எனக்கு விஷயத்தைத் திறந்து காட்டியது. பேட்டரியில் ஓடும் கைப்பேசிக்கு ஆம்ப்ளிஃபயரோடு ஒரே ஒரு தொடர்புதான், பாட்டு ஒயர். சார்ஜர் வந்ததும் சுவர் வழியாக இரண்டாவது தொடர்பு வந்துவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் வாசல் உள்ள அறையில் காற்று ஓடாது. எதிர்ச்சுவரில் ஜன்னலைத் திறந்தால்தான் ஓடும். கரண்டும் அப்படித்தான். உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி, இரண்டும் கிடைத்தால் ஓடும். பெட்டி பெட்டியாகத் தேடி ஹம்மைப் பிடிக்க முடியாமல் போவது இதனால்தான். அது பெரும்பாலும் எந்தப் பெட்டிக்குள்ளும் குடியிருப்பதில்லை. பெட்டிகளை இணைக்கும் ஒயர்கள் ஒரு வளையமாக மூடிக்கொள்ளும்போது அந்த வளையத்தில் ஓடுகிறது.

ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினேன். சிடி பிளேயர் சுத்தம். டிவியில் இருந்து வரும் ஒயரை மாட்டியதும் ஹம். டிவியை ஆஃப் செய்தேன், போகவில்லை. செட்டாப் பாக்ஸை ஆஃப் செய்து பிளக்கையே பிடுங்கினேன், அப்போதும் போகவில்லை. கரண்டே இல்லாத பெட்டியில் இருந்து ஹம் எப்படி வரும்? கடைசியில் செட்டாப் பாக்ஸின் பின்னால், தெருக் கம்பத்தில் இருந்து மொட்டைமாடி வழியாக இறங்கிவரும் கேபிளின் திருகு முனையைக் கழற்ற ஆரம்பித்தேன். மரை முழுதும் விட்டு, உலோக முனை விலகிய கணத்தில் ஹம் நின்றது. தொட்டேன், வந்தது. எடுத்தேன், நின்றது. பத்துத் தடவையாவது அதைச் செய்திருப்பேன். அவ்வளவு நிம்மதி.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, கழற்றிய கேபிளின் வெளி உலோகத்துக்கும் ஆம்ப்ளிஃபயரின் உடம்புக்கும் இடையே அளந்தேன். மூன்று வோல்ட்டை ஒட்டி ஆடியது. ஆம்ப்ளிஃபயரின் உடம்பு, த்ரீ பின் பிளக் வழியாக, எங்கள் கொல்லைப்புறத்து எர்த் குழியோடு சேர்ந்திருக்கிறது. கேபிளின் ஷீல்டு எங்கோ கம்பத்தில் உள்ள பெட்டியோடும் அதன் எர்த்தோடும் சேர்ந்திருக்கிறது. பூமி எங்கும் ஒரே பூமிதானே, இரண்டு எர்த்துக்கும் வித்தியாசம் எப்படி வரும் என்று தோன்றலாம். மண்ணுக்கும் மின்தடை உண்டு. தெருவில் உள்ள மோட்டார்கள், மின்மாற்றிகள், நியூட்ரல் கம்பிகளில் இருந்து கொஞ்சம் கொஞ்சம் கரண்டு எந்நேரமும் மண்ணுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும் இடத்தில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே வோல்ட் வித்தியாசம் இருந்தே தீரும். அந்த இரண்டு புள்ளிகளையும் என் டிவி ஒயர் இணைத்துவிட்டது. அதற்கு டிவி ஓட வேண்டியதில்லை, உலோகத் தொடர்பு இருந்தாலே போதும்.

சரி, நான் கேட்டது சிடி. டிவி ஒயரில் ஓடும் கரண்டு அதில் எப்படிக் கலந்தது? ஆம்ப்ளிஃபயரின் செலக்டர் நடுக்கம்பிகளில் ஒன்றை மட்டும்தான் தேர்ந்தெடுக்கும். ஷீல்டுகள் எல்லாம் உள்ளே எப்போதும் ஒன்றாகப் பிணைந்தே இருக்கும். கேட்காத பெட்டியின் ஒயரும் கேட்கிற பாட்டைக் கெடுக்கலாம்.

கோளாறின் வேர் ஆர்சிஏ ஒயர் என்ற பொருளின் அமைப்பிலேயே இருக்கிறது. நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றிப் பின்னிய ஷீல்டு. பாட்டு நடுக்கம்பியில் போய் ஷீல்டு வழியாகத் திரும்புகிறது. ஆக ஷீல்டு பாட்டின் ஒரு பாதி. அதே ஷீல்டுதான் இரண்டு பெட்டிகளின் உலோக உடம்புகளையும் இணைக்கும் பாலமும். எர்த் வித்தியாசத்தால் ஓடும் கரண்டு அந்தப் பாலத்தில்தான் ஓடியாக வேண்டும்.

எவ்வளவு ஓடினால் கேட்கும்? ஷீல்டின் மின்தடை 0.1 ஓம், அதில் 30 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 3 மில்லிவோல்ட். வீட்டுக் கருவிகளில் பாட்டின் சராசரி அளவு ஏறக்குறைய 300 மில்லிவோல்ட். நூற்றில் ஒரு பங்கு, அதாவது 40 டெசிபெல் கீழே. அறையில் பாட்டு 80 டெசிபெல் அளவில் ஒலித்தால் ஹம் 40 டெசிபெல். 50 ஹெர்ட்ஸில் மனிதக் காதின் வாசல் 44 டெசிபெல் உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே எதுவும் உள்ளே நுழையாது. ஆகவே அந்த 50 ஹெர்ட்ஸ் நமக்குக் கேட்பதே இல்லை! ஆனால் 150 ஹெர்ட்ஸுக்கு வாசல் 20 டெசிபெல் அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது. மும்மடங்கு மேற்சுரம் மூலத்தில் மூன்றில் ஒரு பங்கே இருந்தாலும் 30 டெசிபெல்லோடு தாராளமாக நுழைந்துவிடும். என் பஞ்சமத்தில் கைவைத்தது அதுதான். பகலில் மின்விசிறிச் சத்தத்தில் அது மூழ்கிவிடுவதால் இத்தனை நாள் தெரியவில்லை.

எர்த் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதில்தான் உயிர் இருக்கிறது. நம் வீடுகளில் இரண்டு நேரெதிர்க் கோளாறுகள் ஒரே ‘ம்ம்ம்’ ஆகக் கேட்கும். ஒன்று, என் வீட்டில் நடந்ததுபோல எர்த் இரண்டாகிப்போவது. மற்றது, எர்த்தே இல்லாமல் இருப்பது. பழைய வீடுகளில் ஸ்விட்ச் போர்டில் மூன்று ஓட்டை இருக்கும். மேலே உள்ள பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. கம்ப்யூட்டர் போன்றவற்றின் பவர் சப்ளையில், இரைச்சலை எர்த்துக்கு வடித்துவிட இரண்டு சிறிய கன்டன்சர்களை வைத்திருப்பார்கள். வடிய இடம் இல்லாவிட்டால் பெட்டியின் உலோக உடம்பு சப்ளையின் பாதி வோல்ட்டில், 115-ஐ ஒட்டி, மிதக்கும். புறங்கையை அதன்மேல் லேசாக இழுத்தால் தோல் விறுவிறுக்கும். டெஸ்டரை வைத்தால் மங்கலான ஆரஞ்சு வெளிச்சம் வரும். கரண்டு மில்லிஆம்பியரின் ஒரு பகுதிதான் என்பதால் ஆளை ஒன்றும் செய்யாது. பாட்டு ஒயரின் ஷீல்டு வழியே வடியத் தொடங்கினால் ஹம் ஆகிவிடும். கைப்பேசிச் சார்ஜரின் ரீங்காரமும் இந்தச் சாதிதான்.

எர்த் குழியில் உப்பும் கரியும் புதிதாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் ஹம் போய்விடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. குழியைப் பேணுவது பாதுகாப்புக்கு மிக நல்லது, கோடையில் கட்டாயம் செய்ய வேண்டியது. ஆனால் வீட்டுக்குள்ளேயே இரண்டு பெட்டிகளுக்கு இடையே ஓடும் வளையத்தை அது ஒன்றும் செய்யாது. பையில் வைத்துக்கொண்டு நடக்கிற டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு எந்தக் குழியும் இல்லை, அது ஹம் அடிப்பதும் இல்லை.

இன்னொரு வைத்தியம் சொல்வார்கள். ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடு, அல்லது பிளக்கே இல்லாமல் ஒயரின் இரண்டு முனைகளை மட்டும் தீக்குச்சி வைத்துச் செருகு, ஹம் நின்றுவிடும் என்று. நின்றுவிடும் என்பது உண்மை. வளையம் அறுந்துவிடுகிறது அல்லவா. ஆனால் தயவுசெய்து ஒருபோதும் செய்யாதீர்கள். த்ரீ பின்னில் எர்த் பின் மட்டும் நீளமாகவும் பருமனாகவும் இருப்பது, செருகும்போது முதலில் சேர்ந்து, பிடுங்கும்போது கடைசியில் விலகுவதற்காக. என்றோ ஒரு நாள் டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு உருகி 230 வோல்ட் பெட்டியின் உடம்புக்கு வந்தால், எர்த் இருந்தால் அந்தக் கணமே ஃபியூஸ் போகும், அல்லது பிரேக்கர் விழும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி ஒன்றும் நடக்காததுபோல் பாடிக்கொண்டே இருக்கும். தொடுகிறவர் வழியாகத்தான் கரண்டு இறங்கும். பாட்டு ஒயர்களின் ஷீல்டு வழியாக சிடி பிளேயர், டிவி, கையில் பிடித்திருக்கும் மைக் எல்லாமே அந்த 230 வோல்ட்டுக்குப் போய்விடும். வளையத்தை வேறு எந்த இடத்திலும் அறுக்கலாம், அங்கே மட்டும் கூடாது. வீட்டில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே விழுகிற ஆர்சிசிபி இல்லாவிட்டால், புது ஸ்பீக்கர் வாங்கும் முன் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் கேபிள் நுழையும் இடத்தில் அறுத்தேன். கேபிள் முனைக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் நடுவே திருகும், சுண்டுவிரல் அளவுள்ள ஐசோலேட்டர் ஒன்று கிடைக்கிறது. உள்ளே மிகச் சிறிய கன்டன்சர்கள். டிவி அலைகள் கோடிக்கணக்கான ஹெர்ட்ஸ் என்பதால் அவற்றுக்கு அது திறந்த கதவு. 50-க்கும் 150-க்கும் சுவர். அதை மாட்டிய அன்றிரவு அதே சிடியைப் போட்டேன். பஞ்சமம் தேய்ந்து தேய்ந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல், வளையாமல் கரைந்தது.

டிடிஎச் டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இந்த உருப்படி உதவாது. டிஷ்ஷின் தலையில் உள்ள கருவிக்குச் செட்டாப் பாக்ஸில் இருந்து 13 அல்லது 18 வோல்ட் டிசி அதே கேபிளில்தான் ஏறிப்போக வேண்டும். கன்டன்சர் அதை மறித்துவிடும், படமே வராது. அங்கே பாட்டு ஒயரில் அறுக்க வேண்டும். டிவியில் ஆப்டிகல் அவுட் இருந்தால் அதைவிட நல்ல வழி இல்லை. 1983-ல் தோஷிபா நிறுவனம் கொண்டுவந்த டாஸ்லிங்க் ஒயரில் பாட்டு சிவப்பு வெளிச்சமாகப் போகிறது. பிளாஸ்டிக் நாரில் கரண்டு ஓடாது, வளையமே கிடையாது. ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிகல் இன்புட் இல்லாவிட்டால் நடுவில் ஒரு சிறிய டிஜிட்டல்-அனலாக் மாற்றுப் பெட்டி வேண்டும். ஆர்சிஏ ஒயரில் மாட்டும் டிரான்ஸ்ஃபார்மர் ஐசோலேட்டர்களும் உண்டு. இவற்றில் மலிவானதை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. உள்ளே மிளகு அளவு இரும்பை வைத்திருப்பார்கள். தாழ்ந்த சுருதிகளுக்கு அந்த இரும்பு போதாமல் நிறைந்துவிடும். ஹம்மோடு மிருதங்கத்தின் தொப்பியும் சேர்ந்து போய்விடும். செலவே இல்லாத ஒன்றை முதலில் செய்யலாம். எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்து கரண்டு கொடுப்பது. எர்த் புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வித்தியாசமும் சிறுத்துவிடும்.

சபா மேடையில் மைக்கில் இருந்து மிக்ஸர் வரை ஐம்பது மீட்டர் ஒயர் ஓடுகிறது, பாட்டின் அளவும் அங்கே சில மில்லிவோல்ட்தான், ஹம் வருவதில்லை. வீட்டில் ஒரு மீட்டர் ஒயரில் வருகிறது. காரணம் தொலைபேசியின் ஆரம்ப நாட்களில் கற்ற பாடம். அப்போது தந்திக்குப் போலவே தொலைபேசிக்கும் ஒரே கம்பி, திரும்பும் வழி பூமி. ஊரில் மின்சார விளக்கும் டிராமும் வந்ததும் அவற்றின் கரண்டும் அதே பூமியில் திரும்பி, பேச்சு முழுவதும் இரைச்சலில் மூழ்கியது. பூமியைக் கைவிட்டு இரண்டு கம்பிகளுக்கு மாறினார்கள். இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓடவிடும் யோசனைக்கு அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். முறுக்கிய இரண்டு கம்பிகளின் மீதும் வெளி இரைச்சல் சம அளவில் விழும். பாட்டு மட்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போகும். மறுமுனையில் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் சமமானது கழிந்துவிடும், பாட்டு நிற்கும். மேடை மைக் ஒயரில் மூன்று பின் இருப்பது இதற்காகத்தான்: பாட்டுக்கு இரண்டு, ஷீல்டுக்குத் தனியாக ஒன்று. வீட்டுக் கருவிகளுக்குச் செலவைக் குறைத்து இரண்டு வேலையையும் ஒரே ஷீல்டில் கட்டிவிட்டார்கள். அதன் விலையைத்தான் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எல்லா ஹம்மும் வளைய ஹம் இல்லை. ஒயர் எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் ஆம்ப்ளிஃபயர் தனியாக உறுமினால், வால்யூமைத் திருகினாலும் உறுமல் கூடவோ குறையவோ இல்லை என்றால், அப்போது கன்டன்சரைச் சந்தேகிக்கலாம். ஏசியை டிசியாக்கும்போது அலையின் இரு பாதிகளும் ஒரே பக்கம் மடக்கப்படுவதால் மிச்சம் 100 ஹெர்ட்ஸாக வரும். 4,700 மைக்ரோஃபாரட் கன்டன்சரில் இருந்து ஒரு ஆம்பியர் இழுத்தால் நல்ல நிலையிலேயே இரண்டு வோல்ட் அளவுக்கு அலையும். வெயிலிலும் சூட்டிலும் உள்ளிருக்கும் ஈரம் உலர்ந்து கொள்ளளவு பாதியானால் அலைச்சல் இருமடங்காகிவிடும். கன்டன்சரின் மண்டை உப்பியிருந்தால் பார்த்தாலே தெரியும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னூட்டம் நிற்கும், தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும். இதை எழுதும்போது ஒன்று உறைக்கிறது. என் வீட்டில் குற்றம் கன்டன்சருடையது என்றால் 100 ஹெர்ட்ஸ் வந்து 98-ல் நிற்கும் மந்தர ஸட்ஜத்தை விநாடிக்கு இரண்டு முறை விம்ம வைத்திருக்க வேண்டும். விம்மியது பஞ்சமம், அதுவும் மூன்று முறை. செட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் முன்பே விடை காதில் விழுந்திருந்தது.

இசைத்தட்டு கேட்பவர்களின் பாடு இன்னும் நுட்பமானது. ஊசியில் இருந்து வருவது 5 மில்லிவோல்ட்டை ஒட்டித்தான். தட்டில் தாழ்ந்த சுருதிகளை அடக்கிப் பதிந்திருப்பதால், 1954 முதல் தொழில் முழுவதும் ஏற்றுக்கொண்ட ஆர்ஐஏஏ வளைவின்படி, கேட்கும்போது 50 ஹெர்ட்ஸை நடுச்சுருதியைவிட ஏழு மடங்கு தூக்கிவிட வேண்டும். பாட்டோடு ஹம்மும் ஏழு மடங்கு ஏறும். பிளேயரில் இருந்து தனியாக வரும் மெல்லிய எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபயரின் திருகில் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாட்டியும் வந்தால், ஊசிக்கையைத் தட்டின் மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஓர் இடத்தில் கூடி ஓர் இடத்தில் குறைந்தால், பக்கத்தில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தை ஊசிச் சுருள் பிடிக்கிறது. இரண்டையும் ஒரு முழம் விலக்கி வைத்தால் போதும்.

ஸ்பீக்கரில் இல்லாமல் பெட்டியில் இருந்தே உறுமல் வந்தால் அது டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நுண்ணளவில் நீண்டு சுருங்குவது. பாட்டுக்குக் கெடுதல் இல்லை. ‘ஜ்ர்ர்’ என்று கூர்மையாக வந்து, மின்விசிறி வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் மாறினால், ரெகுலேட்டர் அலையைப் பாதியில் வெட்டுகிறது. கன்டன்சர் வைத்த, படிப்படியாகத் திரும்பும் ரெகுலேட்டருக்கு மாற்றினால் போய்விடும். வால்யூமைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் கார்பன் தடத்தில் தூசி. கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு இருபது முறை இப்படியும் அப்படியும் திருப்பினால் பல வருடம் வரும். பழைய கைப்பேசிகளில் அழைப்பு வரும் முன்பே ஸ்பீக்கர் ‘டிடிக் டிடிக்’ என்றது நினைவிருக்கும். அந்தக் கருவி விநாடிக்கு 217 முறை விட்டு விட்டு அலைபரப்பியது. அந்தத் துடிப்பை ஆம்ப்ளிஃபயரின் முதல் டிரான்சிஸ்டர், ரேடியோபோலப் பிடித்துக்கொண்டது.

வளையத்தை அறுத்து, ஒயர்களை மாற்றி, எல்லாம் அடங்கிய பிறகு ஸ்பீக்கரின் சிறிய கூம்பில் காதை ஒட்ட வைத்துக் கேட்டேன். ‘ஸ்ஸ்ஸ்’ என்று, வெகு தொலைவில் மழை பெய்வதுபோல் ஒன்று. அதற்குச் சுருதி இல்லை, எல்லா அதிர்வெண்ணும் கலந்தது. 1928-ல் ஜான் ஜான்சன் அதை அளந்து, ஹாரி நைக்விஸ்ட் அதன் காரணத்தைக் கணித்தார். இருவருமே ஸ்வீடனில் பிறந்து அமெரிக்கா போனவர்கள். எந்த மின்தடையிலும், கரண்டே கொடுக்காவிட்டாலும், எலக்ட்ரான்கள் அறையின் வெப்பத்தில் தாறுமாறாக அசைந்துகொண்டே இருக்கின்றன. 10,000 ஓம் மின்தடை ஒன்று நம் ஊர் அறைச் சூட்டில், காது கேட்கும் எல்லை முழுவதற்கும் சேர்த்து, 1.8 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தானாகவே எழுப்புகிறது. எந்த ஒயரைக் கழற்றினாலும் அது நிற்காது. காதை ஒரு முழம் விலக்கினேன், கேட்கவில்லை.